ஒரு உருண்டைக்கு 90 மாடியா?

"எனர்ஜின்னா என்ன?"ன்னு போர்டுல எழுதிட்டு நான் திரும்பறதுக்குள்ள முதல் பெஞ்ச்ல இருந்து பதில் வந்துடுச்சு. "கேன்ல வரும்ல அக்கா, அத குடிச்சா நைட்டெல்லாம் தூக்கமே வராது, எங்க அண்ணன் எக்ஸாமுக்கு குடிப்பான்." பின்னாடி இருந்து இன்னொருத்தன், "அது இல்லடா, கரண்ட்டு". மூணாவதா ஒரு பொண்ணு ரொம்ப யோசிச்சு, "விளையாடிட்டு வந்தா தீந்து போறது"ன்னா. எனக்கு அந்த மூணாவது பதில்தான் புடிச்சுது, ஆனா உண்மைய சொன்னா ரெண்டாவதுதான் சரியான பதில்னு அன்னிக்கு எனக்கே தெரியல, அது புரிய மூணாவது வாரம் வரைக்கும் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி பீரியட், அஞ்சாங்கிளாஸ், 24 பசங்க. நான் டீச்சர் இல்ல. படிச்சது உணவு அறிவியல், வேலை ஒரு லேப்ல, வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய் பசங்களோட ஸ்நாக்ஸ் செய்யறேன்னு ஒத்துக்கிட்டேன். ஸ்கூல்ல கேட்டது "ஹெல்த்தியா சாப்பிடறது பத்தி ஏதாவது சொல்லுங்க". சொல்லுங்கன்னுதான் கேட்டாங்க, செய்யுங்கன்னு யாரும் கேக்கல, அது நானா போட்டுக்கிட்ட வம்பு.

முதல் வாரம் சொல்லத்தான் செஞ்சேன். சார்ட் பேப்பர்ல ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, இது நல்லது இது கெட்டது. பசங்க கரெக்ட்டா எல்லாத்தையும் சொன்னாங்க, சொல்லப்போனா எனக்கு முன்னாடியே சொன்னாங்க, ஏன்னா இத அவங்க நூறு தடவ கேட்டிருக்காங்க. சிவப்பு பக்கத்துல பிஸ்கட் எழுதினப்ப ரெண்டாவது வரிசைல ஒரு குட்டி மெதுவா பெஞ்சுக்கு அடியில கைய விட்டு லஞ்ச் பாக்ஸ் மூடியை சாத்தினது மட்டும் என் கண்ணுல பட்டுச்சு. டிக்குன்னு ஒரு சின்ன சத்தம். அவ்ளோதான். வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்த டிக் காதுலயே இருந்துச்சு, அந்த சார்ட்ட மறுபடி நான் விரிக்கவே இல்ல.

சரி, ரெண்டாவது வாரம் நேரா செய்முறைக்குப் போயிடலாம், வேர்க்கடலை வெண்ணெய் வெச்சு ஓட்ஸ் உருண்டைன்னு முடிவு பண்ணி ரெண்டு பெரிய டப்பா வாங்கி வெச்சாச்சு. முந்தின நாள் சாயங்காலம் கிளாஸ் டீச்சர்கிட்ட போன்ல வேற ஏதோ பேசிட்டு இருக்கும்போது பேச்சோட பேச்சா அவங்க சொல்றாங்க, "ஆங், நம்ம கிளாஸ்ல ஒரு பையனுக்கு கடலை ஆகாது, தெரியும்ல?" எனக்குத் தெரியாது. ஏன்னா நான் கேக்கல. இத படிச்சவ நான், மொத நாள் மொத கேள்வியா கேட்டிருக்க வேண்டியது, வயித்துல புளியக் கரைச்சுது. உங்கள்ல யாராவது இந்த மாதிரி பசங்களோட எதாவது செய்யப் போறீங்கன்னா, ரெசிபிய தேடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பி, புள்ளைக்கு எது அலர்ஜின்னு எழுதி வாங்கிடுங்க. வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகையறா, பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை, எள். எள்ளு லிஸ்ட்ல இருக்கறது நிறைய பேருக்குத் தெரியாது, அமெரிக்காவுலயே 2023 ஜனவரில இருந்துதான் அத லேபிள்ல கட்டாயமா போட வெச்சாங்க. பையன தனியா உக்கார வெச்சுட்டா போதும்னு நினைக்காதீங்க, கை, கரண்டி, டேபிள் எல்லாத்துலயும் ஒட்டும். ஒருத்தனுக்கு ஆகலைன்னா அந்த ரூமுக்கே ஆகாதுன்னு வெச்சுக்கறதுதான் நிம்மதி. நான் ரெண்டு டப்பாவையும் வீட்லயே வெச்சுட்டு, லிஸ்ட் கைக்கு வந்தப்புறம் சூரியகாந்தி விதைக்கு மாறிட்டேன்.

அதனால ரெண்டாவது வாரம் சமையலே இல்ல, எரிப்பு. சயின்ஸ் டீச்சர் ஒருத்தங்க லேப் சாவிய கொடுத்து கூடவும் நின்னாங்க (அவங்களுக்கு கோடி புண்ணியம்). ஸ்டாண்டுல ஒரு சின்ன டின்ன மாட்டி அதுல 50 மில்லி தண்ணி, உள்ள தெர்மாமீட்டர். கீழ ஊசில ஒரு சோள சிப்ஸ் குத்தி பத்த வெச்சோம். எண்ணெய்ல பொரிச்சதுல்ல, மெழுகுவர்த்தி மாதிரி நின்னு எரிஞ்சுது, கறுப்பா புகை, பசங்க ஓன்னு ஒரு கத்தல். ஒரு கிராம் சிப்ஸ். தண்ணி 28 டிகிரில இருந்து 52-க்கு ஏறிச்சு. கணக்குப் போட்டா 50-ஐ 24-ஆல பெருக்கணும், 1200 கலோரி. இங்க ஒரு சின்ன குழப்பம் இருக்கு, பெரியவங்களுக்கே இருக்கு: ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்கறது சின்ன கலோரி, ஒரு கிலோ தண்ணிய சூடாக்கறது பெரிய கலோரி, அதாவது கிலோ கலோரி. பாக்கெட்டுல போடறது எல்லாம் பெரியது, இனிமே நான் கலோரின்னு சொல்றதும் அதத்தான். அப்ப நாங்க அளந்தது 1.2. பாக்கெட்டுல போட்ட கணக்குப்படி ஒரு கிராமுக்கு 5-க்கு மேல வரணும்.

"அப்ப பாக்கெட்டுல பொய் சொல்றாங்களா அக்கா?"

அடடா, இந்தக் கேள்விக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். மிச்சம் எங்க போச்சுன்னு நீங்களே சொல்லுங்கன்னேன். ஒருத்தன் டின்ன தொட்டுப் பாத்து கைய உதறி "இதுல"ன்னான். ஒருத்தி "காத்துல, என் மூஞ்சில சூடா அடிச்சுது"ன்னா. கறுப்பா டின் அடியில ஒட்டியிருந்த கரிய ஒருத்தன் விரல்ல எடுத்து பக்கத்துல இருக்கறவன் கன்னத்துல பூசிட்டான், அதுவும் பதில்தான், சரியா எரியாம போன கரி அது. அப்புறம் யாரோ வாழைப்பழத்த எரிக்கலாம்னாங்க. ஒரு துண்டு குத்தி நெருப்ப காட்டினோம், காட்டினோம், காட்டிட்டே இருந்தோம், உஸ்ஸுன்னு ஆவி வந்துச்சே தவிர பத்தவே இல்ல. "வாழைப்பழத்துல எனர்ஜியே இல்லையா?"ன்னு ஒரு பையன் கேட்ட தொனி இருக்கே, ஏதோ சொந்தக்காரர் காசில்லாம போன மாதிரி. இருக்குடா, ஒரு நடுத்தர சைஸ் பழத்துல 100 கலோரி கிட்ட இருக்கு, ஆனா பழத்துல முக்கால்வாசி தண்ணி, அத மொதல்ல கொதிக்க வெச்சு வெளிய அனுப்பினாத்தான் எரியும். அதே 100 கலோரி சிப்ஸா இருந்தா ஒரு சின்னக் கைப்பிடி கூட வராது, பழமா இருந்தா முழுப் பழம், வயிறும் கொஞ்சம் நிறையும். இத நான் சார்ட்ல எழுதியிருந்தா ஒருத்தர் தலையில ஏறியிருக்காது, பத்தாத வாழைப்பழம் ஏத்திடுச்சு.

நம்ம வயித்துக்குள்ள நெருப்பா எரியுதுன்னு கேட்டாங்க. அதே கணக்குதான், நெருப்புதான் கிடையாது, 37 டிகிரி சூட்டுல, என்சைம்னு சொல்ற வேலைக்காரங்க துளித்துளியா பிரிச்சு எடுத்துக்கறாங்கன்னு சொன்னேன். அட்வாட்டர் கதையும் சொன்னேன். 1890-கள்ல அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல வில்பர் அட்வாட்டர்னு ஒருத்தர் இன்னொரு விஞ்ஞானியோட சேந்து ஆள் தங்கற அளவுக்கு ஒரு பொட்டி கட்டி, மனுஷன உள்ள விட்டு, நாள் கணக்குல சாப்பாடு குடுத்து, அவன் உடம்புல இருந்து வெளிய வர்ற சூடு எவ்ளோன்னு அளந்தாரு. மாவுச்சத்து, சர்க்கரை கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9, இன்னிக்கும் எல்லா பாக்கெட்லயும் இருக்கற கணக்கு அவர் வழிவந்ததுதான். பசங்களுக்கு இதுல ஒரே ஒரு சந்தேகம்தான், பொட்டிக்குள்ள பாத்ரூம் எப்டி. நியாயமான சந்தேகம். அதையும் எடை போட்டு அளந்தாங்கன்னு சொன்னதும் கிளாஸ் கை விட்டுப் போயிடுச்சு.

மூணாவது வாரம்தான் உருண்டை.

அளவு சொல்லிடறேன், சுமார் 20 உருண்டைக்கு: ஓட்ஸ் 80 கிராம், சூரியகாந்தி விதை 100 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 200 கிராம், கோகோ பவுடர் ஒரு ஸ்பூன், உப்பு ரெண்டு விரல்ல எடுக்கறது. நாங்க இத மூணு மடங்கு செஞ்சோம், நாலு பேருக்கு ஒரு குரூப்பா ஆறு குரூப். ஓட்ஸையும் விதையையும் வீட்லயே வெறும் சட்டில வறுத்து எடுத்துட்டுப் போயிட்டேன், அடுப்பும் 24 பசங்களும் ஒரே ரூம்ல வேண்டாம். விதையில பாதிய பொடிச்சு பாதிய அப்படியே விட்டேன்.

மொதல்ல கை கழுவல். 20 விநாடி சோப்பு போட்டு. எண்ணுங்கன்னு சொன்னா ஒன்னு ரெண்டு மூணு இருபதுன்னு எண்ணுவாங்க, அதனால கிளாஸ் மொத்தமும் சேந்து சத்தமா எண்ணணும்னு வெச்சேன், பக்கத்து கிளாஸ் டீச்சர் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

பேரீச்சம்பழத்துல கொட்டை எடுக்கறது இருக்கே, அதுக்கே ஒரு பீரியட் வெக்கலாம். கத்தி வேண்டாம், கட்டை விரல் நகத்தால ஒரு கீறல், ரெண்டு பக்கமும் பிதுக்கினா கொட்டை தானா வெளிய வரும், மொழுமொழுன்னு. கிடைச்ச பழம் கொஞ்சம் காஞ்சது, அதனால வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் போட்டோம். ஒரு குரூப் பத்து நிமிஷம்னா பாதி மணி நேரம்னு எடுத்துக்கிட்டாங்க, தண்ணிய வடிக்கவும் இல்ல, அப்படியே கொட்டிட்டாங்க. அவங்களுது உருண்டை இல்ல, குழம்பு. நாலு பேரும் முழங்கை வரைக்கும் பழுப்பு நிறத்துல கைய தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்க, எங்கயும் தொடக் கூடாது, மூக்கு அரிக்குது. பக்கத்து குரூப் அதுக்கு நேர் எதிர், பழத்த பாத்துப் பாத்து கம்மியா போட்டதால புடிச்சா பொலபொலன்னு உதிருது. இது தண்ணியா இருக்கு, அது உதிருது, என்ன பண்ணலாம்னு கேட்டுட்டு நான் வாய மூடிக்கிட்டேன், அது எனக்கு ரொம்ப கஷ்டமான வேலை. ரெண்டு நிமிஷம் சண்டை, எங்களுது கெட்டுப்போயிடும் உங்களோட சேத்தான்னு. அப்புறம் அதுல ஒரு பொண்ணு ஒரு ஸ்பூன் மட்டும் கடன் கேட்டா. போட்டாங்க, பிசைஞ்சாங்க, ஒட்டுச்சு. எது ஒட்ட வெக்குதுன்னு நான் சொல்லவே இல்ல, பேரீச்சம்பழத்துல இருக்கற சர்க்கரைதான் பசைன்னு அவங்களே கண்டுபுடிச்சாங்க, அப்புறம் ஒருத்தன் கேக்கறான், "அப்ப கடைல விக்கற ஸ்நாக் பார்ல எது ஒட்ட வெக்குது?"

அந்த பார் கவர் ஒன்னு என் பையில இருந்துச்சு, எடுத்து படிச்சோம். பெரும்பாலான நாடுகள்ல ஒரு விதி, எது எடையில அதிகமோ அத லிஸ்ட்ல முதல்ல போடணும். முதல்ல ஓட்ஸ் இருந்துச்சு, சரி. அப்புறம் குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் தள்ளி சர்க்கரை, அப்புறம் தேன், அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்த உடைச்சு செய்யற பொடி), கடைசில பழச்சாறு செறிவு. இதெல்லாம் ஒரே குடும்பம்தான், தனித்தனி பேர்ல டிக்கெட் எடுத்திருக்காங்க, எல்லாத்தையும் ஒன்னா கூட்டினா ஓட்ஸையே முந்திடலாம்னு சொன்னதும் அந்த கவர் கை மாறி கை மாறி கடைசி பெஞ்ச் வரைக்கும் போயி திரும்பி வரவே இல்ல.

ஆனா நேர்மைன்னு ஒன்னு இருக்குல்ல. எங்க உருண்டைலயும் சர்க்கரை இருக்கு, ஒன்னுல 6-7 கிராம் வரும், ஒன்றரை டீஸ்பூன் மாதிரி. "வீட்ல செஞ்சது, பேரீச்சம்பழம், அதனால எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்"னு நிறைய பேர் வீடியோ போடறாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது, தனியா சேர்க்கற சர்க்கரை ஒரு நாளைக்கு மொத்த எனர்ஜில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5-க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. அந்தக் கணக்குல தேனும் வரும், பழச்சாறும் வரும், முழுப் பழம் வராது. தேன் நல்லதுன்னு அஞ்சு ஸ்பூன் ஊத்தறவங்க கவனிக்கவும்.

இப்ப நான் பல்பு வாங்கின இடத்துக்கு வரேன்.

உருண்டை எல்லாம் வரிசையா தட்டுல உக்காந்திருக்கு, கணக்குப் போடலாம்னு ஆரம்பிச்சேன். ஒரு உருண்டைல மாவுச்சத்தும் சர்க்கரையும் சேந்து 10 கிராம், கொழுப்பு 3, புரதம் 2. போர்டுக்கு வந்து ஒரு பையன் போட்டான்: 40, 27, 8, மொத்தம் 75. சூப்பர், கை தட்டல். அதோட நிறுத்தியிருக்கலாம். எனக்கு இயற்பியல் ஆசை வந்துடுச்சு. 30 கிலோ பையன் ஒரு மாடி ஏறினா எவ்ளோ செலவுன்னு கேட்டேன். 30 கிலோ, 9.8 (பூமி இழுக்கற இழுப்பு), 3 மீட்டர் உயரம், பெருக்கினா 882 ஜூல், எனர்ஜிக்கு இன்னொரு அளவு அது. உடம்பு தசை அவ்ளோ சிக்கனம் இல்ல, கால் பங்குதான் வேலைக்குப் போகும், மிச்சம் சூடாயிடும், அதனால நாலால பெருக்கு, 3528. ஒரு கிலோ கலோரிக்கு 4184 ஜூல். அப்ப ஒரு மாடிக்கு ஒரு கலோரி கூட இல்ல, 0.84. ஒரு உருண்டைய செலவு பண்ண கிட்டத்தட்ட 90 மாடி! நான் பெருமையா திரும்பறேன், கிளாஸே "ஆஆ"ங்கும்னு.

சத்தமே இல்ல. லஞ்ச் பாக்ஸ் மூடுன அதே குட்டி, கைல வெச்சிருந்த உருண்டைய, அவ செஞ்ச உருண்டைய, கொஞ்சம் கோணலா தலையில ஒரு விதை குத்தி அழகு பண்ணி வெச்சிருந்தா, அத மெதுவா தட்டுல திரும்ப வெச்சுட்டா. "எங்க வீட்ல மாடியே இல்ல அக்கா."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. பத்து வயசுப் புள்ளைகிட்ட சாப்பாட்ட கடன் மாதிரி காட்டிட்டேன், சாப்பிட்டியா, போய் அடைச்சுட்டு வா. பெரியவங்க நாம அப்டித்தான் பேசறோம், "இத சாப்பிட்டதுக்கு நாளைக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு ரவுண்டு ஓடணும்"னு. பசங்க கேட்டுட்டேதான் இருக்காங்க.

அப்பதான் முதல் வாரம் "கரண்ட்டு"ன்னு சொன்னானே அவன் ஞாபகத்துக்கு வந்தான். போர்டுல எல்லாத்தையும் அழிச்சேன். சரி, நீங்க ஒன்னுமே பண்ணல, ஓடல, ஏறல, படிக்கல, நாள் பூரா கூரையப் பாத்துட்டு படுத்திருக்கீங்க, அப்ப எவ்ளோ செலவுன்னு கேட்டேன். ஜீரோன்னு எல்லாரும். ஜீரோன்னா செத்துப்போயிட்டோம்னு அர்த்தம்னேன். நெஞ்சுல கை வெச்சுப் பாக்கச் சொன்னேன், அது ஓடுது. மூச்சு ஓடுது. உடம்பு சூடா இருக்கு, அந்த சூட்ட யாரோ போட்டுட்டே இருக்கணும். நகம் வளருது, போன வருஷ செருப்பு பத்தலைல்ல, அது எதுலருந்து வந்துச்சு? மூளை வேற, பெரியவங்க உடம்பு எடையில அது 2 சதவீதம்தான், சும்மா இருக்கும்போது ஆகற செலவுல அஞ்சுல ஒரு பங்க அதுவே எடுத்துக்கும், உங்க வயசுல அதவிட அதிகம் கேக்கும். இதெல்லாம் சேத்து 30 கிலோ பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு நாளைக்கு 1100, 1200 கலோரி கிட்ட, வெறும் படுத்திருக்கறதுக்கு மட்டும். விளையாட்டு தனி. மணிக்குன்னு பாத்தா 50 கலோரி. அப்ப ஒரு உருண்டை?

"ஒன்றரை மணி நேரம்"ன்னு கணக்குப் புலி ஒருத்தன்.

சும்மா படுத்திருந்தாலே ஒன்றரை மணி நேரத்துல தீந்துடும். இத வாட்டுக்கு, அதாவது விநாடிக்கு எத்தன ஜூல்னு, மாத்தினா இன்னும் வேடிக்கை. 1200 கலோரிய ஜூலாக்கி ஒரு நாளோட 86,400 விநாடிக்குப் பிரிச்சா 58 வாட் கிட்ட வரும். பழைய குண்டு பல்பு ஒன்னு தெரியுமா, மஞ்சளா எரியும், தொட்டா சுடும், 60 வாட். நீங்க ஒவ்வொருத்தரும் அந்த பல்பு. பகல், ராத்திரி, லீவு நாள், அணையாம எரிஞ்சுட்டே இருக்கீங்க. இப்ப வர்ற எல்.இ.டி. பல்பு 9 வாட், அதுல மாட்டினா இந்த ஒரு உருண்டை ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் குடுக்கும். கிளாஸ்ல 24 பல்பு. டீச்சர் பெரிய பல்பு. கரண்ட்டுன்னு சொன்னவன் எழுந்து நின்னு நாலா பக்கமும் கும்புடு போட்டான், நான்தான் மொதல்ல சொன்னேன்னு.

அந்தக் குட்டி உருண்டைய எடுத்துட்டா. ஒரு வாய் கடிச்சுட்டு பக்கத்துப் பொண்ணு காதுல ஏதோ சொன்னா, ரெண்டும் சிரிச்சுதுங்க. என்னன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டது ரெண்டு விஷயம். கலோரி நம்பர் வந்தா அது எத ஓட்டும்னு மட்டும்தான் பேசறது, எத "எரிக்கணும்"னு பேசறது இல்ல. செஞ்சத சாப்பிடறதும் சாப்பிடாததும் அவங்க இஷ்டம். எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் வேலையப் பிரிச்சு வெச்சாங்க, என்ன, எப்ப, எங்கன்னு முடிவு பண்றது பெரியவங்க வேலை, சாப்பிடறதா வேணாமா, எவ்ளோங்கறது குழந்தையோட வேலை. கேக்க லேசா இருக்கு, நடைமுறைல நாக்க கடிச்சுக்கணும், "ஒரே ஒரு வாய், அக்காவுக்காக"ன்னு வாய் வரைக்கும் வரும்.

விதைன்னாலே மூஞ்ச சுளிக்கற பையன் ஒருத்தன் இருந்தான், பறவைத் தீனின்னான். மூணாவது வாரம் உருட்டினான், சாப்பிடல. நாலாவது வாரம் தயிர்ல பழம் போட்டு மேல விதை தூவினோம், தூவுறது அவன் வேலை, மத்தவங்க கிண்ணத்துக்கெல்லாம் தூவினான், அவனோடத விட்டுட்டான். அஞ்சாவது வாரம் பொடிக்கும்போது ரெண்டு விதைய வாயில போட்டு உடனே துப்பினான். ஆறாவது வாரம் துப்பல. புது சாப்பாடு ஒன்ன பசங்க ஏத்துக்க பத்து, பதினஞ்சு தடவ கூட ஆகலாம்னு ஆராய்ச்சிகள்ல வருது, வீட்ல நாம மூணாவது தடவைலயே "இவன் இத தொடமாட்டான்"னு சர்டிபிகேட் குடுத்துடறோம். கையால தொட்டதும் ஒரு தடவதான், மோந்ததும் ஒரு தடவதான்னு நான் கணக்குல சேத்துக்கறேன்.

ஸ்டாஃப் ரூம்ல ஒரு பயம் இருந்துச்சு, கடைசி பீரியட்ல இனிப்பு குடுத்தா பசங்க ஆட ஆரம்பிச்சுடுவாங்கன்னு. இது எல்லா வீட்லயும் இருக்கற நம்பிக்கை. 1995-ல ஜாமா மருத்துவ இதழ்ல, குழந்தைக்கோ அப்பா அம்மாவுக்கோ எது சர்க்கரை எது டூப்ளிகேட்னு தெரியாம வெச்சு செஞ்ச சோதனைகளையெல்லாம் சேத்துப் பாத்தாங்க, சர்க்கரையால நடத்தை மாறினதா தெரியல. அதுக்கு முந்தின வருஷம் வந்த இன்னொரு ஆராய்ச்சி இன்னும் ஜோர்: பையனுக்கு சர்க்கரை குடுத்துட்டோம்னு அம்மாக்கள்கிட்ட பொய் சொன்னாங்க, உண்மைல குடுக்கல, ஆனா அந்த அம்மாக்கள் "ஐயோ ரொம்ப ஆடறான்"ன்னுட்டாங்க. பிறந்த நாள் பார்ட்டில ஆடறது கேக்கால இல்ல, பார்ட்டியால. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஆடறது எதனாலன்னு நான் சொல்லணுமா.

கேன் விஷயத்த மறக்கல. அண்ணன் குடிக்கறது எனர்ஜி இல்லையான்னு கேட்டவனுக்கு பதில் பாக்கி இருந்துச்சு. அதுல சர்க்கரை இருக்கு, அந்த அளவுக்கு எனர்ஜி உண்டு. தூக்கத்த விரட்டறது கஃபீன், அதுல கலோரி கணக்கா ஒன்னும் இல்ல. மூளைல அடினோசின்னு ஒன்னு சேந்துட்டே வந்து "போதும், படு"ன்னு கதவத் தட்டும், கஃபீன் போய் அந்தக் கதவுல குறுக்க நின்னுக்கும். களைப்பு போகல, தட்டற சத்தம்தான் கேக்கல. 250 மில்லி கேன்ல பொதுவா 80 மில்லிகிராம் கஃபீன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பசங்களுக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம்ங்கற கணக்க வெச்சிருக்கு, 30 கிலோவுக்கு 90, ஒரே கேன்ல ஏறக்குறைய அவ்ளோவும் காலி. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2011-லயே பசங்க சாப்பாட்டுல எனர்ஜி டிரிங்க்குக்கு இடமே இல்லைன்னு சொல்லிடுச்சு. "அப்ப அண்ணன்கிட்ட சொல்லட்டா?"ன்னான். சொல்லு, ஆனா எக்ஸாம் முடிஞ்சு சொல்லுன்னேன், அடி வாங்கப் போறான்.

போன வாரம் மிச்ச உருண்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ஒருத்தி கேட்டா, தங்கச்சிக்காம். வயசு என்னன்னேன், மூணு. முழு விதை, முழு கொட்டை எல்லாம் அஞ்சு வயசுக்குக் கீழ தொண்டையில சிக்கும், அதனால அவளுக்கு மட்டும் நைசா பொடிச்ச மாவுல சின்னதா மூணு செஞ்சோம், கோலிகுண்டு மாதிரி உருண்டையா வேண்டாம், தட்டையா அமுக்கிக் குடுன்னேன். அமுக்கினது அவதான், கட்டை விரல் ரேகையோட. வீட்ல நல்லா மென்னு திங்கறாளான்னு பக்கத்துலயே உக்காந்து பாக்கணும்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினேன்.

பெல் அடிச்சு எல்லாரும் பைய தூக்கிட்டு ஓடறாங்க, கரண்ட்டு பையன் மட்டும் பெஞ்ச்ல தலைய சாச்சு கண்ண மூடிட்டுக் கிடக்கான். டேய், வீட்டுக்குப் போலியான்னேன். கண்ணத் தொறக்காமயே, "தூங்கறப்ப எத்தன வாட் அக்கா?" கொஞ்சம் கம்மியாகும்டா, ஒரு 50, 55 இருக்கும்னேன். "அப்ப எழுப்பாதீங்க, எரிஞ்சுட்டு இருக்கேன்."